செவிக்கு இனிமையும் தலைக்குச் சுமையும்

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது வீட்டுக்கு வாங்கிவரும் பொருள்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் கம்பளிப் போர்வையும் எவர்சில்வர்ப் பாத்திரமும் வந்தன. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. அதன்பின் டேப் ரெக்கார்டரும் கைப்பேசியும் வந்தன. இப்பொழுது கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் மூணாற்று லயங்களுக்கும் சித்தூர்த் தாலுகாவின் தோப்பு வீடுகளுக்கும் வந்து சேரும் பொருள் ஹெட்போன். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், காதுத் துளையில் செருகும் கருவியை நாம் சொல்லவில்லை. தலைக்கு மேல் வளைந்து, இரு காதுகளையும் முழுதாக மூடி நிற்கும், இருபதாயிரம் முப்பதாயிரம் என்று விலை சொல்லப்படும் பெரிய கருவியையே சொல்லுகிறோம்.

“இவ்வளவு பணத்துக்கு இதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று வினவும் பெரியோர் நம்மிடையே உண்டு. “இதைவிட உயர்ந்தது ஒன்று இருக்கிறதாமே, அதை வாங்கலாமா?” என்று வினவும் இளைஞரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் பயன்படும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம். நாம் கண்ட முடிவை முதலிலேயே கூறிவிடுதல் நலம். ஹெட்போனின் ஒலியையும் அது தலையில் அமரும் சுகத்தையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க இயலாது. காதோடு பொருந்தி அமராத கருவி எத்துணை உயர்ந்ததாயினும் நல்ல ஒலியைத் தராது. கடையில் இரண்டு நிமிடம் கேட்டு மயங்கிய ஒலி, வீட்டில் இரண்டு மணி நேரம் கேட்டபின் தலைவலியாக மாறுமாயின், கொடுத்த பணம் வீண். மேலும், இக்கருவிகளை ஆராய்ந்து எழுதும் வெளிநாட்டார் வாழும் வீடு வேறு, நாம் வாழும் வீடு வேறு. பாலக்காட்டு வெயிலும் மூணாற்று மழையும் அவர்கள் கணக்கில் சேர்வதில்லை.

ஹெட்போன் புதுப்பொருள் அன்று. 1910-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நதானியேல் பால்டுவின் என்பவர் தம் வீட்டு அடுக்களையிலேயே செய்த காதுக் கருவிகளை அந்நாட்டுக் கடற்படை வாங்கிற்று. சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்துக் கிரிஸ்டல் ரேடியோவுக்கு ஒலிபெருக்கியை இயக்கும் வலிமை கிடையாது. காதில் கருவியை மாட்டிக்கொண்டே கேட்க வேண்டும். வால்வு ரேடியோ வந்தபின் கேட்பது ஊருக்குப் பொதுவாயிற்று. நம் மலைகளில் அந்தப் பொதுக் கேட்பே நெடுங்காலம் நிலவியது. இலங்கை வானொலியையோ திருச்சி நிலையத்தையோ ஒரு வீட்டில் வைத்தால் லயத்தின் வரிசை முழுவதும் கேட்கும். கேட்க விரும்பாதவரும் கேட்டே தீர வேண்டும்! 1958-இல் அமெரிக்காவின் காஸ் நிறுவனம் வீட்டில் இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனைக் கொணர்ந்தது. 1979-இல் சோனியின் வாக்மன் வந்து, தனியே கேட்பதைத் தெருவுக்கும் கொண்டுவந்துவிட்டது.

இன்று லயத்தில் இக்கருவி ஆடம்பரம் மட்டும் அன்று. ஓர் அறையும் ஓர் அடுக்களையும் உள்ள வீட்டில், விடியுமுன் எழுந்து கொழுந்து பறிக்கச் செல்ல வேண்டிய தாய் உறங்குகையில், தேர்வுக்குப் படிக்கும் மகள் ஆசிரியரின் பாடத்தைக் கேட்க வேறு வழி ஏது? ஆகவே இதனை வீண் செலவு என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவதற்கில்லை.

ஒலியை அளந்து பார்க்க எதைக் கேட்பது? கடைக்காரர் பெரும்பாலும் பறை அதிரும் திரைப்பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுவார். அதில் எல்லாக் கருவியும் நன்றாகவே ஒலிக்கும். நம் கையில் அதனினும் சிறந்த உரைகல் இருக்கிறது. அது பாலக்காட்டிலேயே பிறந்தது. பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) மிருதங்கத்தைச் சொல்லுகிறோம். மிருதங்கத்தின் இடப்புறமாகிய தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவர். அதனால் ஆழ்ந்த கும்மென்ற நாதம் எழுகிறது. வலந்தலையில் நிலையாகக் கறுப்பு மருந்திட்டிருக்கும். அக்கருமையின் பாரமே தோலின் அதிர்வை ஒழுங்குபடுத்தி, மற்றப் பறைகளில் இல்லாத வண்ணம் சுருதியோடு இயைந்த மேல்நாதங்களை எழுப்புகிறது என்பதை சர் சி. வி. இராமன் 1920-இலேயே ஆராய்ந்து வெளியிட்டார். எனவே ஒரே வாத்தியத்தில் கீழ் ஒலியும் மேல் ஒலியும் கலந்து வருகின்றன. தொப்பி வெறும் முழக்கமாகி வலந்தலையை மூடிவிட்டால் அக்கருவியில் கீழ் ஒலி மிகை. வலந்தலை கிண்ணென்று காதைக் குத்தினால் மேல் ஒலி மிகை. இரண்டும் தனித்தனியே, விரல் தோலில் பட்டு எழும் ஓசையும் உடன் கேட்குமாயின் கருவி நல்லது.

குரலுக்கு எம். டி. இராமநாதனை (1923–1984) வைத்துப் பார்க்கலாம். இவரும் பாலக்காட்டுப் பகுதியின் மஞ்சப்ராவைச் சேர்ந்தவரே. மிகத் தாழ்ந்த சுருதியில், அவசரமின்றிப் பாடியவர். அக்குரலின் ஆழம் சிறு கருவிகளில் காணாமற் போய்விடும். கீழ் ஒலியை ஊதிப் பெருக்கும் கருவியிலோ குடத்துக்குள் பேசுவது போல் ஒலிக்கும். செம்பை வைத்தியநாத பாகவதரின் (1896–1974) கணீரென்ற குரல் நடு ஒலிக்கு உரைகல். நாகசுரம் கேட்டால் மேல் ஒலியின் கூர்மை உடனே விளங்கிவிடும். பின்னணித் தம்புராவும் நல்ல சோதனை: பாட்டு ஓங்கும்போதும் அதன் ரீங்காரம் அறாமல் கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

மணி ஐயர் ஒலிபெருக்கியை ஏற்காதவர் என்பது சங்கீத உலகம் அறிந்த செய்தி. மைக்கின் வழியே வருவது தம் வாத்தியத்தின் உண்மை நாதம் அன்று என்பது அவர் கொள்கை. அப்படிப்பட்டவரின் வாசிப்பை, ஒலிபெருக்கியை நெல்லிக்காய் அளவுக்குச் சுருக்கிக் காதோரம் வைத்த கருவியின் வழியே நாம் கேட்டு மகிழ வேண்டியிருக்கிறது! காலத்தின் கோலம் என்பதன்றி வேறென்ன சொல்வது?

இனிக் கருவிகளுக்கு வருவோம். உள்ளே ஒலியை எழுப்பும் முறை மூன்று வகைப்படும். பெரும்பாலானவற்றில் காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் ஒன்று அசைந்து, தன்னோடு ஒட்டிய சவ்வை அதிரச் செய்யும். இரண்டாம் வகையில் சவ்வின் பரப்பு முழுவதும் மெல்லிய மின்கம்பி படர்ந்திருக்க, அதன் பக்கத்தே காந்தப் பட்டைகள் வரிசையாக நிற்கும். ஒலி மிகத் தெளிவு, ஆனால் காந்தங்களால் எடை கூடும். மூன்றாம் வகையில் மின்னேற்றிய மிக மெல்லிய சவ்வு இரு தகடுகளுக்கு இடையே அதிரும். ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960 முதல் இவ்வகைக்குப் பேர்போனது. இதற்கு உயர் மின்னழுத்தம் தரும் தனிப் பெருக்கி வேண்டுமாதலின், நம் வீடுகளுக்கு ஒத்துவராது என்று சொல்லி மேலே செல்லலாம்.

இப்பிரிவினையைக் காட்டிலும் முக்கியமானது திறந்த கருவியா, மூடிய கருவியா என்பது. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற கருவியைக் கொணர்ந்தபோது, காதுக் கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடைக்காமல் திறந்தே விட்டது. ஒலி உள்ளே முட்டித் திரும்பாமல் வெளியேறுவதால், பாட்டு தலைக்குள்ளே ஒலிப்பது போலன்றி எதிரே சற்றுத் தள்ளி ஒலிப்பது போலிருக்கும். உயர்ந்த விலைக் கருவிகளில் பல இன்றும் இவ்வகையே. அந்நிறுவனத்தின் எச்.டி. 600 என்பது 1997-இல் வந்து இன்றளவும் மதிக்கப்படுவது. அதில் செம்பையின் குரல் ஏதும் கூட்டாமல் குறைக்காமல் வருகிறது. தொப்பியின் அடி ஆழம் மட்டும் சிறிது மெலிந்து ஒலிக்கிறது. 2016-இல் வந்த எச்.டி. 800 எஸ்-இல் வயலின் ஒருபுறம், மிருதங்கம் ஒருபுறம் என்று மேடையே விரிகிறது. ஆயின் நாகசுரத்தின் உச்சி ஒலி சற்றுக் கூர்மையாகப் படுகிறது. இரண்டாம் வகையைச் சேர்ந்த அமெரிக்காவின் ஆடிஸி எல்.சி.டி. 2-இல் தொப்பி ஒலிப்பதைக் கேட்டால் வாத்தியம் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றும். ஆயின் எடை அரைக் கிலோவுக்கும் மேல்!

இத்துணைச் சிறப்புடைய திறந்த கருவியை நாம் நம் வாசகர்களுக்குச் சொல்லத் தயங்குகிறோம். காரணம் எளியது. கொழிஞ்சாம்பாறையிலோ மீனாட்சிபுரத்திலோ மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் மின்விசிறி இல்லாமல் ஒருவர் வீட்டில் உட்கார இயலுமா? திறந்த கருவி வெளி ஓசையைத் தடுப்பதே இல்லை. விசிறியின் இரைச்சல் தம்புராவை விழுங்கிவிடும். விசிறியை நிறுத்தினால் வியர்வை வழியும். மூணாற்றில் விசிறி வேண்டுவதில்லை, இரவும் அமைதியானது. ஆனால் அங்கே இன்னல் மறுபுறம். திறந்த கருவியின் ஒலி வெளியே கசியும். இரண்டு முழம் தள்ளிப் படுத்திருப்பவர் பாட்டு முழுவதையும் மெல்லிய குரலில் கேட்பார். பிறர் உறக்கம் கெடாதிருக்க வாங்கிய கருவி அதற்கே உதவாமற் போகும். ஆக, சமவெளியில் வெளி ஓசை உள்ளே வருகிறது, மலையில் உள் ஓசை வெளியே போகிறது. தனி அறையும் அமைதியும் வாய்த்தவர்களுக்கே இக்கருவிகள்.

சுகத்தைப் பற்றிச் சொல்லும்போது எடை, இறுக்கம், மெத்தை என்னும் மூன்றையும் பார்க்க வேண்டும். எடையை எண்ணால் சொல்லலாம். சோனியின் 1000 எக்ஸ்.எம். 4 (2020) 254 கிராம். அதன் அடுத்ததாகிய எக்ஸ்.எம். 5 (2022) 250 கிராம், எச்.டி. 600 சுமார் 260 கிராம், எச்.டி. 800 எஸ் 330 கிராம். 2020-இல் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஏறத்தாழ 385 கிராம். இதன் தலைப்பட்டை வலைத்துணியாக இருப்பதால் உச்சந்தலையில் சுமை ஓரிடத்தில் அழுத்தாமல் பரவுகிறது. எனினும் கழுத்து அந்த எடையைச் சுமக்கத்தான் வேண்டும். நாள் முழுவதும் கொழுந்துச் சுமையைத் தாங்கிய கழுத்துக்கு மாலையில் இதுவும் ஒரு பாரமா என்று கேட்கத் தோன்றுகிறது. 250 கிராம் அளவிலுள்ளவற்றை இரண்டு மணி நேரம் அணிந்தும் நமக்குச் சோர்வு தோன்றவில்லை. 350 கிராமைத் தாண்டியவற்றை ஒரு மணி நேரத்தில் கழற்றவே கை போயிற்று.

இறுக்கம் என்பது எண்ணில் அடங்காது. தலைக்குத் தலை வேறுபடும். எச்.டி. 600 புதிதாக இருக்கையில் கன்னத்தை இடுக்கிபோல் பிடிக்கும். சில வாரங்களில் தளரும். தளர்வாக இருப்பதே சுகம் என்று எண்ணிவிடலாகாது. மூடிய கருவிகளில் மெத்தை காதைச் சுற்றிச் சந்தின்றி அமர்ந்தால்தான் கீழ் ஒலி உள்ளே நிற்கும். ஒரு சிறு இடைவெளி விழுந்தாலும் முதலில் கசிந்து போவது தொப்பியின் நாதமே. இங்கேதான் சுகமும் ஒலியும் ஒன்றாகின்றன.

அந்த இடைவெளி நம் வீடுகளில் எப்படியெல்லாம் உண்டாகிறது என்பதைப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியின் காம்பு ஓர் இடைவெளி. பெண்களின் தோடும் ஜிமிக்கியும் மற்றொன்று. இறுகிய மெத்தை தோட்டின் திருகாணியைக் காதின் பின்புறத்தில் அழுத்தி, அரை மணியில் புண்போல் வலிக்கச் செய்யும். கிண்ணத்தின் உட்குழி ஆழமாகவும் அகலமாகவும் இருந்தால் சிறு தோடு அடங்கிவிடும். ஜிமிக்கியைக் கழற்றியே ஆக வேண்டும். உயர்ந்த கொண்டை போடுவோர்க்குத் தலைப்பட்டை பின்னோக்கிச் சரியாது முன்னே நழுவும். மலையில் குளிருக்காகக் காதை மூடிக் குல்லாயோ மஃப்ளரோ அணிந்து அதன்மேல் ஹெட்போனை மாட்டுவோரைக் காண்கிறோம். கம்பளியின் வழியே கீழ் ஒலி கசிந்துவிட, “இவ்வளவு விலை கொடுத்தும் ஒலி சப்பென்று இருக்கிறதே” என்று குறை சொல்லுகின்றனர். காதைத் திறந்துவிட்டு மெத்தையை நேரே காதைச் சுற்றி அமர்த்தினால், குளிரும் தெரியாது, ஒலியும் நிறைவாகும். ஜனவரிக் குளிரில் இம்மெத்தைகள் காதுக்குக் கதகதப்பாக இருப்பது மலைநாட்டார்க்கு ஒரு தனி இலாபம்.

பாலக்காட்டில் அதே கதகதப்பு வேதனையாகிறது. வெப்பம் நாற்பது டிகிரியைத் தொடும் கோடையில் செயற்கைத் தோல் மெத்தை காதைச் சுற்றி வியர்வைக் குளம் கட்டிவிடும். அத்தோல் உப்பில் ஊறி ஊறி, நாளடைவில் கறுப்புச் செதிலாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டும். வெல்வெட்டுத் துணி மெத்தை காற்றோட்டம் உடையது. ஆனால் மூடிய கருவியில் அதனைப் போட்டால் கீழ் ஒலி குறையும். இரண்டும் ஒருங்கே வாய்ப்பது அரிது. கோடைக்கும் குளிருக்கும் வேறு வேறு மெத்தை மாற்றிக்கொள்ளும்படி அமைந்த கருவியைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

வெளி இரைச்சலை அடக்கும் கருவிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இன்று பெருவிலைக்கு விற்பனையாவன இவையே. இவற்றுக்கு வழி வகுத்தவர் அமர் போஸ் (1929–2013). இவர் தந்தை வங்காளத்து விடுதலைப் போராட்ட வீரர். ஆங்கிலேயரிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்று குடியேறியவர். 1978-இல் சூரிச்சு நகரிலிருந்து விமானத்தில் திரும்புகையில், எஞ்சின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமற் போகவே, அங்கேயே தாளை எடுத்துக் கணக்கிடத் தொடங்கினார் போஸ். கருவியிலுள்ள சிறு மைக் வெளி ஓசையைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் காதில் விட்டால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பதே அதன் தத்துவம். 1989-இல் விமானிகளுக்கும், 2000-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கும் அவர் நிறுவனத்தின் கருவிகள் வந்தன.

இம்முறை எல்லா ஓசையையும் ஒன்றுபோல் அடக்குவதில்லை. ஒரே சீராக உறுமும் தாழ்ந்த ஓசையை நன்றாக அடக்கும். போடிமெட்டு ஏறும் பஸ்ஸின் எஞ்சின் உறுமலும், நாம் மேலே நொந்துகொண்ட மின்விசிறியின் இரைச்சலில் பெரும் பகுதியும் இதனால் மறையும். தகரக் கூரையில் விழும் மழையோ வேறு இனம். அதில் உயர்ந்த ஒலிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றை எதிரலை தடுக்காது, மெத்தையின் தடிப்பே தடுக்க வேண்டும். ஆகவே ஜூன், ஜூலை மழையில் இக்கருவி முற்றிலும் அமைதி தரும் என்று எண்ணி வாங்கியவர் ஏமாறுவார். பாலக்காட்டுக் கணவாயில் மற்றொரு தொல்லை. அங்கே வீசும் பலத்த காற்று கருவியின் வெளி மைக்கில் மோதிப் புடபுடவென்று ஓசை எழுப்பும். கஞ்சிக்கோட்டுச் சாலையோரத்தில் நின்றால் இதனை உடனே உணரலாம். அவ்வேளையில் இரைச்சல் அடக்கும் விசையை நிறுத்திவிடுவதே வழி. மலைப் பாதையில் ஏறும்போது காது அடைப்பது யாவர்க்கும் பழக்கம். காற்றழுத்தத்துக்குத் தக்கவாறு தன்னைச் சீர்செய்துகொள்ளும் ஏற்பாடு சோனியின் எக்ஸ்.எம். 4-இல் உண்டு, மலை ஏறிய பிறகு அதனை ஒருமுறை இயக்கிவிட வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. தோட்டப் பாதையில் நடக்கையில் இரைச்சல் அடக்கும் கருவியை அணியவே கூடாது. சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டுக்குக் கொண்டுசென்றனர் என்றாலும், மூணாற்றுச் சுற்றுப்புறத்தில் யானை வருவது நின்றுவிடவில்லை. ஈற்றை முறியும் ஓசையை முதலில் கேட்பது காது, கண் பிறகுதான். பனிமூட்டத்தில் வளைவில் வரும் ஜீப்புக்கும் இது பொருந்தும். வெளி ஓசையை உள்ளே விடும் விசை இக்கருவிகளில் உண்டு. அதனை நம்பியும் சாலையில் பாட்டுக் கேட்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சியைக் கூறலாம். ஜெரோன் பிரீபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் ஒலி அளவுகளை எடுத்து, 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கீழ், நடு, மேல் ஒலிகளின் விகிதத்துக்கும் கடை விலைக்கும் தொடர்பே இல்லை என்பது அவர் கண்ட முடிவு. விலை கூடிய பொருளில் ஒலி விகிதம் சீராக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மலிவான பொருளில் அது கெட்டே இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. கூடுதல் பணம் பெரும்பாலும் உலோகத்துக்கும் மெத்தைக்கும் பேட்டரிக்கும் இரைச்சல் அடக்கும் நுட்பத்துக்கும் பெயருக்கும் போகிறது. மெத்தைக்குக் கொடுக்கும் பணத்தை நாம் குறை சொல்லமாட்டோம். பெயருக்குக் கொடுப்பதைத்தான் யோசிக்க வேண்டும். ஏர்பாட்ஸ் மேக்ஸ் நம் நாட்டில் வந்தபோது அதன் விலை 59,900 ரூபாய். ஒரு தோட்டத் தொழிலாளியின் பல மாதக் கூலி அது.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைக் கண்டும் மயங்க வேண்டுவதில்லை. எச்.டி. 600-இன் பெட்டியில் 12 முதல் 40,500 ஹெர்ட்சு வரை என்று கண்டிருக்கும். இளம் பிள்ளையின் காதுக்கே 20,000-க்கு மேல் எட்டாது. வயது ஏற ஏற அதுவும் குறையும். மற்றோர் எண்ணை மட்டும் கவனிக்க வேண்டும். அது ஓம் என்னும் மின்தடை. எச்.டி. 600-க்கும் 800 எஸ்-க்கும் அது 300 ஓம். கைப்பேசியின் சிறு மின்சக்தி இவற்றை நிறைவாக இயக்காது. தனிப் பெருக்கி வேண்டும், அதற்கும் பணம் வேண்டும். வயரைச் செருகும் துளையே இன்று பல கைப்பேசிகளில் இல்லை. கம்பியில்லாக் கருவிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பெருக்கி அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பேட்டரி சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். எச்.டி. 600 போன்றவற்றில் வயரும் மெத்தையும் தனித்தனியே மாற்றத் தக்கவை. இருபது ஆண்டு உழைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் பெரிதும் விரும்பிக் கேட்கும் பழைய கச்சேரிகள் பல வானொலிப் பதிவுகள். இருபுறமும் ஒரே ஒலி வரும் மோனோ வகை. பலகால் படியெடுக்கப்பட்டுத் தேய்ந்தவையும் உண்டு. உயர்ந்த கருவி அப்பதிவின் இரைச்சலையும் கரகரப்பையும் ஒளிவு மறைவின்றிக் காட்டிவிடும். இராமநாதன் பாட்டைக் கேட்க முப்பதாயிரம் செலவிட்டவர் டேப்பின் சீறலை முன்னினும் தெளிவாகக் கேட்டு மனம் வருந்தினால் அது கருவியின் குற்றம் ஆகாது. அத்தகைய பதிவுகளுக்குச் சாதாரணக் கருவியே போதும் என்பதோடு, சில வேளை அதுவே இனிமையும் கூட.

காதின் நலனைப் பேசாமல் விட இயலாது. பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணி நேரமும், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் அளவில் 40 மணி நேரமும் கேட்பது எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்போதும் அனுமதித்த நேரம் பாதியாகும். 90-க்குப் போனால் வாரத்துக்கு நான்கு மணி நேரமே மிச்சம். பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே மலிவான காதுக் கருவியில் பாட்டுக் கேட்பவர், இரைச்சலை வெல்ல ஒலியை மேலும் மேலும் கூட்டுவார். அந்த இரைச்சலையே குறைத்துவிட்டால் பாதி ஒலியில் பாட்டு நன்கு கேட்கும். இரைச்சல் அடக்கும் கருவிக்குப் பணம் கொடுப்பதற்கு நாம் ஒப்பும் தலையாய காரணம் இதுவே. தேயிலைத் தொழிற்சாலையில் எந்திரங்களின் நடுவே எட்டு மணி நேரம் நிற்பவரின் காது ஏற்கெனவே களைத்திருக்கிறது. அவருக்கு மாலையில் வேண்டுவது உரத்த ஒலி அன்று. பாட்டே இல்லாமல் அக்கருவியை அணிந்து அரை மணி நேரம் சும்மா இருப்பதுகூட அவர் காதுக்குச் சுகம்.

அப்படியானால் எதை வாங்குவது? லயத்திலும் சிறு வீட்டிலும் இருப்போர்க்கு மூடிய வகையே தக்கது. பஸ்ஸிலும் ஜீப்பிலும் நாள்தோறும் எல்லை கடந்து போய்வருவோர்க்கு இரைச்சல் அடக்கும் வசதியும் வேண்டும். எடை 260 கிராமுக்குள் இருக்கட்டும். புதிய மாதிரி வந்ததும் முந்தைய மாதிரியின் விலை இறங்கும். ஒலியில் பெரிய வேற்றுமை இராது. சோனி எக்ஸ்.எம். 4 மடங்கிப் பைக்குள் அடங்கும், எக்ஸ்.எம். 5 மடங்காது, எஸ்டேட் ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிறவர்க்குப் பழையதே மேல். இவற்றில் கீழ் ஒலி சற்று மிகையாகவே வரும். கைப்பேசியின் வழியே அதனைக் குறைத்துக்கொள்ளலாம். பாடம் கேட்கும் பிள்ளைக்கு இத்துணைச் செலவு தேவையில்லை. குரல் தெளிவும் மெத்தையின் மென்மையும் உள்ள இரண்டாயிரம் ரூபாய்க் கருவி போதும். அமைதியான தனி அறையும், இசையில் ஆழ்ந்த பயிற்சியும், உடன் பெருக்கி வாங்க வசதியும் உள்ளவர் எச்.டி. 600-ஐ வாங்கலாம், அதற்கு மேற்பட்டவற்றைக் கேட்டு மகிழலாம், வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

வாங்குமுன் கடையில் அரை மணி நேரமாவது அணிந்து பார்க்கக் கேளுங்கள். கண்ணாடியும் தோடும் நாள்தோறும் அணிவது போலவே இருக்கட்டும். பிள்ளைகள் தொலைவிலிருந்து அனுப்புவதாயின், திருப்பித் தரும் நாள் எத்தனை என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மலையில் மெத்தைக்குள் பூஞ்சை பிடிக்கும். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மருந்துப் பெட்டிகளில் வரும் சிலிக்காப் பொட்டலம் இரண்டை உடன் போட்டு மூடி வையுங்கள். கோடையில் பாலக்காட்டார் வெயில் விழும் சன்னலோரத்தில் இதனை வைக்க வேண்டாம். பேட்டரி கெடும், மெத்தையின் பசையும் இளகும்.